இரண்டரை நிமிடப் பந்தயம், ஆறு மாத வேலை

"பினாங்கு டிராகன் படகுப் போட்டிக்குப் போகலாமா?" என்று அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டால் பத்து நிமிடத்தில் நாற்பது கட்டைவிரல்கள் வந்து விழும். அவற்றை நம்பி விண்ணப்பப் படிவத்தை நிரப்பிவிடாதீர்கள். முன்பணம் கட்டச் சொன்ன மறுநாள் நாற்பது இருபத்தைந்தாகும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சிங்கப்பூரின் காலாங்கில் பயிற்சி என்றதும் பதினைந்தாகும். அந்தப் பதினைந்து பேர்தான் உங்கள் குழு. மற்றவர்கள் நல்லவர்கள், விமான நிலையத்துக்கு வந்து வழியனுப்புவார்கள்.

துடுப்புப் போடக் கற்றுத்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். "நீதான் எல்லாத்தையும் ஒழுங்கா எழுதி வைப்பியே, நீயே பார்த்துக்கோ" என்று தலையில் கட்டப்பட்டு, குழு மேலாளர் ஆகிவிட்டவருக்காக எழுதுகிறேன். இந்த வேலைக்குச் சம்பளம் இல்லை. பதக்க மேடையில் இடமும் பெரும்பாலும் இருக்காது. ஆனால் வரவு செலவு, ஆள் தேர்வு, பாதுகாப்பு, பயணம் என்று நான்கையும் ஒரே நேரத்தில் முழுப் பொறுப்போடு கையாளும் வாய்ப்பை, அலுவலகத்தில் மேசை மாறி மாறி உட்கார்ந்தாலும் பல ஆண்டுகளுக்கு யாரும் தரமாட்டார்கள். அதனால் இதைச் சுற்றுலா ஏற்பாடாகப் பார்க்க வேண்டாம். தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உள்ள ஒரு சிறு திட்டப்பணியாக நடத்துங்கள். ஆறு மாதம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் அலுவலகக் குழு ஒன்று பினாங்குக்குப் போவதையே இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஹாங்காங்குக்கோ வேறு ஊருக்கோ போனாலும் தலைவலிகள் ஏறத்தாழ இவைதான்.

எந்தப் படகு?

பெரிய படகில் 20 துடுப்பாளர்கள், முன்னால் மேளம் அடிப்பவர், பின்னால் நின்றுகொண்டு சுக்கான் பிடிப்பவர், ஆக 22 பேர். படகின் நீளம் ஏறத்தாழ 12.5 மீட்டர். சிறிய படகில் 10 துடுப்பாளர்கள், மொத்தம் 12 பேர். அலுவலகக் குழுக்கள் பெரும்பாலும் 200 அல்லது 500 மீட்டர் பந்தயத்தில்தான் இறங்குகின்றன. சில மாதமே பழகிய ஆணும் பெண்ணும் கலந்த குழு 500 மீட்டரைக் கடக்க இரண்டரை நிமிடம்போல ஆகும்.

நிர்வாகம் பெரிய படகைத்தான் கேட்கும், புகைப்படத்தில் கம்பீரமாக இருக்கும் என்பதால். முதல் முறை வெளியூர் போகும் குழுவுக்கு நான் சிறிய படகைத்தான் சொல்வேன். 20 இருக்கைகளை நிரப்ப வேண்டுமானால் 24 பேராவது பயணம் செய்ய வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வரும், ஒருவருக்குத் தோள் பிடித்துக்கொள்ளும், ஒருவருடைய வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் கூட்டம் வைப்பார். 24 பேர் என்றால் 24 விடுப்பு, 24 கடப்பிதழ், 24 விதமான சாப்பாட்டுக் கட்டுப்பாடு. சிறிய படகுக்கு 15 பேர் போதும். இருக்கை காலியாகக் கிடக்கும் பெரிய படகை இழுப்பதைவிட நிறைந்த சிறிய படகை ஓட்டுவது முதுகுக்கும் மானத்துக்கும் நல்லது.

கலப்புப் பிரிவில் பெண்களின் எண்ணிக்கைக்கு விதி உண்டு. அனைத்துலக டிராகன் படகுச் சம்மேளனத்தின் விதிப்படி பெரிய படகில் குறைந்தது 8 பெண் துடுப்பாளர்கள், சிறிய படகில் 4 பேர் இருக்க வேண்டும். உள்ளூர்ப் போட்டிகள் இதைக் கூட்டியும் குறைத்தும் வைக்கும், விதிப் புத்தகத்தைப் படித்துவிடுங்கள். கப்பல் பட்டறை, பொறியியல் நிறுவனங்களில் உண்மையான முட்டுக்கட்டை இதுதான். கணக்குப் பிரிவுக்கும் மனிதவளப் பிரிவுக்கும் முதல் வாரமே போய்க் கேளுங்கள். கடைசி வாரம் போய் "இரண்டு பெண்கள் குறையுது, வர்றீங்களா?" என்று நின்றால், எண்ணிக்கைக்காகக் கூப்பிடுகிறீர்கள் என்பது அவர்களுக்கு உடனே விளங்கிவிடும்.

வயதானவர்களையும் நோயிலிருந்து மீண்டவர்களையும் நீங்களாகவே கழித்துவிட வேண்டாம். மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்த பெண்கள் கைக்கும் தோளுக்கும் கடினமான வேலை தரக்கூடாது என்றுதான் ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். 1996ல் கனடாவின் வான்கூவரில் டாக்டர் டான் மெக்கென்சி அப்படிப்பட்ட பெண்களைச் சேர்த்து டிராகன் படகில் ஏற்றிச் சோதித்துப் பார்த்தார். அஞ்சியபடி எதுவும் நடக்கவில்லை. இன்று பல நாடுகளில் அத்தகைய குழுக்கள் இருக்கின்றன. யாருக்கு முடியும், முடியாது என்பதை அவரவர் மருத்துவரின் கடிதம் சொல்லட்டும்.

வரலாறு தேவை என்றால் சுருக்கமாக இவ்வளவு. கவிஞர் சூ யுவான் ஆற்றில் மூழ்கிய கதையோடு சீனர்கள் இதை இணைத்துச் சொல்வார்கள். ஊர்த் திருவிழாவாக இருந்தது நாடுகளுக்கிடையிலான பந்தயமாக மாறத் தொடங்கியது 1976ல் ஹாங்காங்கில். பினாங்கு 1979லேயே அனைத்துலகக் குழுக்களை அழைத்தது. சம்மேளனம் 1991ல் உருவானது. 2008ல் மன்றக் குழுக்களுக்கான உலகப் போட்டி பினாங்கின் தெலுக் பஹாங் அணைக்கட்டில்தான் நடந்தது. ஆக, விளையாட்டுத்தனமாக வந்து நிற்கும் குழுவைக் கரையில் இருக்கும் பினாங்குக்காரர்கள் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

விடுப்புக்கு முன் ஒரு கேள்வி

மனிதவளப் பிரிவிடம் முதலில் கேட்க வேண்டியது பணம் அல்ல. "இது நிறுவனத்தின் நிகழ்ச்சியா, ஊழியர்கள் தாமாகப் போகும் பயணமா?" என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். மற்ற எல்லாமே இந்த ஒரு பதிலில்தான் தொங்குகிறது. நிறுவன நிகழ்ச்சி என்றால் விடுப்பு, காப்புறுதி, அடிபட்டால் இழப்பீடு ஆகிய மூன்றையும் பற்றி அவர்கள் எழுத்தில் ஏதாவது சொல்லியாக வேண்டும். தனிப்பட்ட பயணம் என்றால் எல்லாம் உங்கள் செலவு, உங்கள் விடுப்பு. சட்டையில் நிறுவனச் சின்னத்தைப் போடுவதற்கும் அனுமதி வாங்க வேண்டும். ஆபத்தானது இரண்டுங்கெட்டான் நிலை. சின்னம் நிறுவனத்துடையது, செலவு ஊழியருடையது, தோள் மூட்டு நழுவினால் அதற்கு யாரும் சொந்தக்காரர் இல்லை.

பந்தயம் சனி, ஞாயிறு. வெள்ளிக்கிழமை கிளம்பி, திங்கட்கிழமை திரும்ப வேண்டும். அலுவலகத்தில் உயர் பதவியில் இருப்பவருக்கு இரண்டு நாள் விடுப்பு ஒரு பொருட்டல்ல. ஆனால் சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டப்படி முதலாண்டு ஊழியருக்குக் குறைந்தபட்ச வருடாந்திர விடுப்பு 7 நாள். அந்தக் குறைந்தபட்சத்தில் இருப்பவர் அதில் இரண்டைப் படகுக்குக் கொடுத்தால், ஊருக்குப் போக ஐந்துதான் மிஞ்சும். அதனால் நிர்வாகம் "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்கும்போது புதுச் சட்டை கேட்காதீர்கள். குழுவினர் அனைவருக்கும் திங்கட்கிழமையைப் பணி நாளாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நிறுவனத்துக்கு ரொக்கச் செலவு இல்லை. குழுவுக்கு அதைவிடப் பெரிய பரிசும் இல்லை.

துறைத் தலைவர்களிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். யார் இல்லாத நாளில் யார் அந்த வேலையைப் பார்ப்பார் என்று ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். ஒரே பிரிவிலிருந்து மூன்று பேரை எடுத்தால் அந்தப் பிரிவின் தலைவர் சிரித்துக்கொண்டே சம்மதித்துவிட்டு, பயணத்துக்கு முந்திய வாரம் ஒருவரை நிறுத்திவைப்பார். கணக்கு முடிக்கும் மாதக் கடைசியில் பந்தயம் வந்தால் கணக்குப் பிரிவுக்காரரைக் காத்திருப்புப் பட்டியலில் வைப்பதுதான் அவருக்கும் நிம்மதி.

பயணக் காப்புறுதி வாங்கும்போது விலக்குகள் பக்கத்தைப் படியுங்கள். பொழுதுபோக்குக்காகப் படகில் போவதற்குப் பணம் தரும் திட்டங்களில் சில, போட்டியில் கலந்துகொள்வதை விலக்கி வைத்திருக்கும். "500 மீட்டர் டிராகன் படகுப் போட்டி, பரிசுப் பணம் உண்டு அல்லது இல்லை" என்று அப்படியே எழுதிக் கேளுங்கள். தொலைபேசியில் சொன்ன "பிரச்சினை இல்லை சார்" ஆவணம் ஆகாது.

பணம், பயணம், கடப்பிதழ்

ஆள் சேர்க்கும்போதே ஒருவருக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று ஒரே தொகையாகச் சொல்லிவிடுங்கள். பதிவுக் கட்டணத்தையும் அறை வாடகையையும் எல்லோரும் நினைவு வைத்திருப்பார்கள். ஆறு மாதப் பயிற்சிக்குப் படகு வாடகை, பயிற்றுநர் கட்டணம், துடுப்புகளுக்கான கூடுதல் பெட்டிச் செலவு, பினாங்கில் அணைக்கட்டுக்குப் போகவர வாகனம், இவைதான் பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்கும். துண்டு துண்டாக ஐந்து முறை பணம் கேட்டால் நீங்கள் கேட்கும் தொகை சின்னதாக இருந்தாலும் நீங்கள் பெரிய தொந்தரவாகிவிடுவீர்கள்.

இயக்குநரும் தொழில்நுட்பரும் ஒரே படகில் இருக்கிறார்கள் என்பதற்காக இருவரும் ஒரே தொகை தர வேண்டும் என்பது எனக்கு உடன்பாடில்லை. நிறுவனம் தரும் பணத்தை முதலில் பயணத்துக்கும் தங்கும் இடத்துக்கும் ஒதுக்குங்கள், மிஞ்சினால் சட்டை. அதற்கும் மேல் சிரமம் உள்ளவர் தனியாக உங்களிடம் மட்டும் வந்து சொல்ல ஒரு வழி வைத்திருங்கள். குழு அரட்டையில் "யாருக்காவது பணப் பிரச்சினை இருந்தா சொல்லுங்க" என்று போட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். காரணம் சொல்லாமல் இரண்டு பேர் விலகுவார்கள்.

பேருந்தா, விமானமா? சாலை வழி 700 கிலோமீட்டருக்கு மேல். இரவுப் பேருந்து மலிவுதான், ஆனால் பள்ளி விடுமுறைக் காலத்தில் எல்லையைத் தாண்டவே எத்தனை மணி நேரம் ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இருக்கையில் மடங்கித் தூங்கிய இடுப்போடு மறுநாள் துடுப்புப் போடுவது கொடுமை. திரும்பும்போது பேருந்து, போகும்போது விமானம் என்பது நல்ல சமரசம். விமானத்தில் ஒரு சிக்கல்: படகையும் மேளத்தையும் அமைப்பாளர்கள் தருவார்கள், துடுப்பை நாம்தான் கொண்டுபோக வேண்டும். விதிப்படி துடுப்பின் நீளம் 105 முதல் 130 சென்டிமீட்டர். அது கைப்பையோடு உள்ளே போகாது. நான்கைந்து துடுப்புகளாகச் சேர்த்து, அலகுப் பகுதிக்குத் துண்டு சுற்றி, ஒரு நீளப் பையில் போட்டு விளையாட்டுச் சாதனமாக முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். எல்லாத் துடுப்பையும் ஒரே பையில் போட வேண்டாம். அந்தப் பை வேறு ஊருக்குப் போய்விட்டால் குழு முழுவதும் வெறுங்கையோடு நிற்கும்.

எல்லோரும் சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பதாக நினைத்து ஏற்பாடு செய்யும் மேலாளர்கள் உண்டு. குழுவில் திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வந்து வேலை அனுமதியில் இருப்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியக் குடிமக்களுக்கு 30 நாள் விசா விலக்கு தந்திருக்கிறது. அது காலக்கெடு உள்ள சலுகை, பயணத் தேதிக்குப் பொருந்துமா என்று மலேசியக் குடிநுழைவுத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். மலேசிய மின்னிலக்க வருகை அட்டையை அவர்கள் பயணத்துக்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், சிங்கப்பூரர்களுக்கு அது தேவையில்லை. கடப்பிதழில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு வருவாரா வரமாட்டாரா என்று தெரியாமல் நிற்பவர் குழுவுக்கு ஒருவராவது இருப்பார். அதனால் கடப்பிதழின் முதல் பக்கத்தைப் பயிற்சியின் முதல் மாதமே பார்த்துவிடுங்கள்.

யார் எங்கே உட்காருவது

மேலாளரின் தலையை உண்மையில் உருட்டும் பகுதி இது.

பெரிய படகில் பத்து வரிசை. முதல் வரிசை இருவர் வேகத்தை நிர்ணயிப்பவர்கள். நடு வரிசைகளுக்கு 'இன்ஜின் ரூம்' என்று பெயர், கனமான, பலமான ஆட்கள் அங்கே. கடைசி வரிசைகளில் புதியவர்களை ஒளித்துவைக்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றும், ஆனால் அங்கேதான் தண்ணீர் ஏற்கெனவே கலங்கி ஓடிக்கொண்டிருக்கும். துடுப்பைச் சரியான கணத்தில் இறக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த இடம். இடப்பக்க எடையும் வலப்பக்க எடையும் ஒத்துப்போக வேண்டும். ஒரே இருக்கையில் சேர்ந்து உட்காரும் இருவரின் எடையும் உயரமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் நல்லது. இதற்காக எல்லோருடைய எடையும் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அந்தப் பட்டியலை நீங்களும் பயிற்றுநரும் மட்டும் பாருங்கள். குழு அரட்டையில் தவறிப்போய்கூடப் போட்டுவிடாதீர்கள்.

மேளத்துக்கு ஏற்பத்தான் துடுப்பு விழுகிறது என்று கரையில் நிற்பவர்கள் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். மேளம் அடிப்பவர் முதல் வரிசை இருவரின் துடுப்பைப் பார்த்து அதற்கு ஏற்ப அடிக்கிறார். பின்னால் இருப்பவர்களும் காதை நம்பாமல், எதிர்ப்பக்க முதல் துடுப்பைக் கண்ணால் பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து இறக்க வேண்டும். எடை குறைந்தவரைத் தூக்கி மேளத்தின் முன் வைப்பது வழக்கம். குரலும் நிதானமும் உள்ளவரைத் தேடுங்கள். "நான் மேளம் அடிக்கிறேனே" என்று துறைத் தலைவரே முன்வந்தால், அவர்தான் முதல் வரிசையைப் பின்பற்ற வேண்டும் என்பதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் அதைக் கேட்டதும் துடுப்பே போதும் என்பார்கள்.

முதல் வரிசைக்குப் பலசாலி வேண்டியதில்லை. பக்கத்துப் படகு அரை நீளம் முந்தும்போது பதறாமல் தன் தாளத்தைக் காப்பாற்றுபவர் வேண்டும். அலுவலகத்தில் யார் கடைசி நாள் கெடுவிலும் குரல் உயர்த்தாமல் வேலை செய்கிறார் என்று யோசித்தால் பெயர் தானாக வரும்.

யாரை எடுப்பது, யாரைக் கரையில் நிறுத்துவது என்பதற்கு விதியை முதல் வாரமே எழுதி அனைவருக்கும் கொடுங்கள். பயிற்சி வருகைக்கு ஒரு அளவு, பயிற்றுநர் வைக்கும் நேரச் சோதனை, எடைச் சமன், இந்த மூன்று போதும். "குழு மனப்பான்மை" என்று ஒரு நான்காவது விதியைச் சேர்க்காதீர்கள், அது பிடித்தவரை உள்ளே எடுக்கும் வாசல் என்று எல்லோருக்கும் தெரியும். விதி எழுதிய பிறகு இயக்குநருக்கும் அதுதான். இங்கே நீங்கள் வளைந்தால் காலை ஏழு மணிக்குத் தவறாமல் வந்த அந்தப் பயிற்சித் தொழில்நுட்பர் உங்களிடம் ஒன்றும் சொல்லமாட்டார், அடுத்த ஆண்டு வரமாட்டார்.

எடைச் சமன் விதி மேலதிகாரிக்கும் பொருந்தும்போது நடக்கும் ஒரு காட்சி: பந்தயத்துக்கு முந்திய இரவு, ஹோட்டல் வரவேற்பறை. சுக்கான் பிடிக்கும் இளைஞர் தன் மேலதிகாரியைத் தனியே அழைத்துப் பேசுகிறார்.

"சார், நாளைக்கு முதல் சுற்றுல நீங்க கரையில இருங்க."

"ஏன்பா? ஆறாவது வரிசைன்னு சொன்னீங்களே?"

"இடது பக்கம் எடை கூடுது சார். காலையில காத்து வேற அந்தப் பக்கம்தான். ரெண்டாவது சுற்றுல உள்ள எடுத்துக்கறோம்."

"சரிப்பா. அப்போ தண்ணிப் பெட்டி, துண்டு எல்லாம் நான் பார்த்துக்கறேன்."

இது இவ்வளவு லேசாக முடிந்ததற்குக் காரணம் இளைஞரின் சாமர்த்தியம். சொன்ன காரணம் அளக்கக்கூடியது. அடுத்த வாய்ப்பு எப்போது என்பதும் அதே மூச்சில் வந்தது. மற்றவர்கள் காதில் விழும் முன் அவரிடம் நேரில் போய்ச் சொல்லியாயிற்று. "மன்னிச்சுக்குங்க சார்" என்று இழுக்கவில்லை. மேலதிகாரியிடம் கசப்பான செய்தியைக் கொண்டுபோகும் எவரும் இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

தண்ணீருக்கு மரியாதை

2007 நவம்பர் 23. கம்போடியாவின் நோம்பென்னில், டோன்லே சாப் ஆற்றில் சிங்கப்பூர் தேசியக் குழு பந்தயத்தை முடித்துவிட்டுக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது படகு கவிழ்ந்தது. ஆற்றின் இழுப்பு பலமாக இருந்தது. படகில் இருந்த 22 பேரில் ஐவர் இறந்தார்கள். அவர்கள் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. புதியவர்கள் அல்லர், நாட்டுக்காகத் துடுப்புப் போட்டவர்கள். 2018 ஏப்ரலில் சீனாவின் குயிலின் நகரில் ஒத்திகையின்போது இரண்டு படகுகள் கவிழ்ந்து 17 பேர் இறந்தார்கள். இரண்டு விபத்தும் பந்தய ஓட்டத்துக்கு வெளியே நடந்தவை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போதும் ஒத்திகையின்போதும் கவனம் தளர்ந்திருக்கும்.

அதனால் ஒரே விதி: தண்ணீரில் இருக்கும் நேரம் முழுவதும் லைஃப் ஜாக்கெட். அமைப்பாளர் கட்டாயமாக்கவில்லை, வியர்க்கிறது, போட்டோவில் நன்றாக இல்லை என்று எந்தக் காரணமும் எடுபடாது. இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் எவ்வளவு பலசாலியானாலும் படகில் ஏறக்கூடாது. ஒவ்வொருவரும் 50 மீட்டராவது நீந்திக் காட்டட்டும். கவிழ்த்துப் பழகும் பயிற்சி ஒரு முறையாவது வேண்டும். படகைப் பிடித்துக்கொள், பக்கத்து இருக்கைக்காரர் எங்கே என்று முதலில் பார், முன் வரிசையிலிருந்து எண் சொல். அந்த எண்ணிக்கை முடியும்வரை யாரும் கரைக்கு நீந்தக் கூடாது. ஆஸ்துமா உள்ளவரின் இன்ஹேலர் அறையில் இருக்கக் கூடாது, நீர் புகாத பையில் படகிலேயே இருக்க வேண்டும். இடி கேட்டால் பயிற்சி முடிந்தது, வாடகை நேரம் இன்னும் அரை மணி இருந்தாலும்.

பினாங்கில்

தெலுக் பஹாங், ஜார்ஜ் டவுனிலிருந்து பத்து ஃபெரிங்கி வழியாகக் கடலோரமாக வளைந்து போகும் சாலையின் கோடியில் இருக்கிறது. அங்குள்ள அணைக்கட்டில் மலை அடிவாரத்து நன்னீர், அதனால் ஆற்றின் இழுப்போ கடல் அலையோ இல்லை. ஆனால் நிழல் குறைவு. பந்தய இடங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும், பதிவு செய்யும் முன் எந்த நீர்நிலை என்று கேட்டுக்கொள்ளுங்கள். நகரத்துக்குள் அறை எடுத்தால் சாப்பாடு வசதி. போட்டி அணைக்கட்டில் என்றால் பத்து ஃபெரிங்கிப் பக்கம் எடுத்தால் அதிகாலையில் அரை மணித் தூக்கம் கூடக் கிடைக்கும். நான் தூக்கத்தின் பக்கம்.

சாப்பாட்டில் கண்டிப்பு வேண்டும். பினாங்கு என்றாலே நாசி கண்டார் நினைவு வரும், அது தமிழ் முஸ்லிம்கள் காவடி போலத் தோளில் சுமந்து விற்றுத் தொடங்கிய சாப்பாடு என்பதால் நம் ஆட்களுக்குக் கூடுதல் உரிமை வேறு. நாலு குழம்பையும் கலந்து ஊற்றிய அந்தத் தட்டு பந்தயத்துக்கு முந்திய இரவு வேண்டவே வேண்டாம். சோறு, வேகவைத்த முட்டை, கோழி, வாழைப்பழம் என்று சாதுவாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை எத்தனை தட்டு வேண்டுமானாலும்.

பந்தய நாளில் பெரும்பகுதி காத்திருப்புதான். முதல் சுற்று காலையில் முடிந்தால் அடுத்தது இரண்டு மூன்று மணி நேரம் கழித்து. கூடாரம், பாய், குடிநீர், உப்புச் சத்துப் பொட்டலம், வெயில் களிம்பு, கொப்புளத்துக்கு ஒட்டும் டேப், உட்காரும் இடத்துக்கு மெத்தைத் துண்டு. கடைசியாகச் சொன்னதைச் சிரித்து ஒதுக்குபவர்கள் பலகையில் தோல் உரிந்த பிறகு கடன் கேட்பார்கள். ஒருவருக்கு ஒரே வேலை: அறிவிப்பைக் கேட்டுக்கொண்டே இருப்பது. படகுத் துறைக்கு அழைக்கும்போது நான்கு பேர் கழிவறை வரிசையில் நின்றால் அந்தச் சுற்று போனது போனதுதான்.

தொடக்கக் கோட்டில் படகை நேராக நிறுத்துவதே பெரிய வித்தை. காற்று முன்பக்கத்தைத் தள்ளும், சுக்கான் பிடிப்பவர் "லெஃப்ட் டூ, டிரா" என்று கத்துவார், இடது பக்க இரண்டாம் வரிசைக்காரர் மட்டும் துடுப்பால் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். பதற்றத்தில் வலது பக்கத்திலும் இருவர் இழுத்துவிடுவார்கள். படகு மறுபடி திரும்பும். இதைக் காலாங்கில் போதும் போதும் என்னும் அளவுக்குப் பழகுங்கள். "அட்டென்ஷன்" என்றதும் துடுப்பு தண்ணீருக்குள். "கோ" என்றதும் முதல் சில இழுப்புகள் நீளமாக, ஆழமாக, அவசரமில்லாமல். நின்றிருக்கும் படகை அசைக்கத்தான் பலம் வேண்டும், ஓடத் தொடங்கிய பிறகுதான் வேகம் கூட்ட முடியும். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்து, தண்ணீரை நுரைக்கச் செய்துவிட்டு நூறாவது மீட்டரில் மூச்சு வாங்குவார்கள்.

குழுவுக்கு இலக்காகப் பதக்கத்தைச் சொல்லாதீர்கள். முதல் சுற்றின் நேரத்தை இரண்டாம் சுற்றில் குறைப்பது என்று சொல்லுங்கள். நிர்வாகத்துக்கு அனுப்பும் செய்தியை இரண்டு விதமாக முன்கூட்டியே எழுதி வையுங்கள், இறுதிச் சுற்றுக்குப் போனால் ஒன்று, போகாவிட்டால் ஒன்று. தோற்ற களைப்பில் எழுதும் செய்தியில் தேவையில்லாத ஒரு காரணம் வந்து உட்கார்ந்துவிடும், பெரும்பாலும் அது ஒரு ஆளைக் குறை சொல்லும் காரணமாக இருக்கும்.

திரும்பிய பிறகு

ஒரே வாரத்தில் கணக்கை முடியுங்கள். ரசீது, ரிங்கிட்டிலிருந்து வெள்ளிக்கு மாற்றிய விகிதம், மிச்சம், யாருக்கு எவ்வளவு திருப்பித் தர வேண்டும், எல்லாம் ஒரே தாளில். மூன்று வெள்ளி மிச்சமானாலும் மூன்று வெள்ளியைத் திருப்பிக் கொடுங்கள். அடுத்து, நீங்கள் இல்லாத நாளில் உங்கள் வேலையைப் பார்த்தவர்களுக்கு நன்றி சொல்லும் மின்னஞ்சல். அதில் அவர்களுடைய மேலாளரையும் சேருங்கள். படம் போட்டுப் பாராட்டு வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

தன்விவரக் குறிப்பில் இதை "பொழுதுபோக்கு" என்ற தலைப்பின் கீழ் போட்டு வீணாக்காதீர்கள். "நிறுவன டிராகன் படகுக் குழு மேலாளர்" என்று எழுதி, எத்தனை பேர், எவ்வளவு வரவு செலவுத் திட்டம், எந்த நாடு, காயமின்றித் திரும்பினீர்களா என்று ஒரு வரியில் சொல்லுங்கள். பதக்கம் கிடைத்திருந்தால் கடைசியில் வரட்டும். நேர்முகத்தில் பதக்கத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. "குழுவில் யாரையாவது விலக்க வேண்டி வந்ததா, எப்படிச் சொன்னீர்கள்?" என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும்போது அந்த ஆளின் பெயரும் எடையும் வெளியே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், கேட்பவர் கவனிப்பது அதைத்தான்.

இரண்டாவது ஆண்டும் உங்களையே பிடித்துப்போடப் பார்ப்பார்கள். வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டுத் துடுப்பைப் பிடியுங்கள். புது மேலாளர் ஆள் தேடிக்கொண்டுதான் இருப்பார், எட்டாவது வரிசை வலப்பக்கம் எப்போதும் காலி.